அட்டை போயிற்று, ஆணை நின்றது

அதிகாரி ஒருவர் மாற்றலாகிச் சென்ற பின்னும், அவர் இட்ட உத்தரவு கந்தோரில் நின்று ஆட்சி புரிவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். புதிதாய் வந்தவர் எத்துணை வல்லவராயினும், “பழையவரின் கையொப்பமின்றிக் கதவைத் திறவேன்” என்று காவலாளி நின்றால் யாது செய்வது? கணினியினுள்ளும் இத்தகைய நிலைமை உண்டென்பதை எமது கல்லூரி ஆய்வுகூடத்திலே அண்மையில் நேரிற் கண்டோம்.

அங்குள்ள கணினிகள் லினக்ஸ் பணிசெயல் முறைமையில் இயங்குபவை. 1991ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடக்கிவைத்த லினக்ஸ் விலையின்றிக் கிடைப்பது. ஆதலின் எம்போன்ற கல்லூரிகளுக்கு உற்ற துணை. பழைய மாணவர் ஒருவர் கிராபிக்ஸ் அட்டை ஒன்றை அன்பளிப்பாக அளித்தார். அதுவரை இருந்தது என்விடியா அட்டை; வந்தது ஏஎம்டி அட்டை. அதைப் பொருத்தி மின்னிணைப்புக் கொடுத்தபோது, எழுத்துக்கள் சில ஓடின. பின்னர்த் திரை இருண்டது.

அருகில் நின்ற உயர்தர வகுப்பு மாணவியின் முகமும் உடன் இருண்டது. வீட்டிற் கணினி இல்லாத பிள்ளை அவள். மூன்று மாதம் முயன்று செய்த செயற்றிட்டம் அக்கணினியிலேயே இருந்தது. “சேர், எல்லாம் அழிஞ்சு போச்சுதோ?” என்று கேட்டாள்.

“அழியேல்லைப் பிள்ளை, கண்தான் மூடியிருக்குது” என்றோம்.

இது வெறும் ஆறுதல் மொழியன்று. கோப்புகள் இருப்பது வன்தட்டில். படம் காட்டுவது மட்டுமே அட்டையின் வேலை. கொன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 என்னும் மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினோம். எழுத்து மாத்திரம் தோன்றும் கரிய திரை வந்தது. அவளுடைய கோப்புகள் யாவும் வைத்தது வைத்தபடி இருந்தன. அவற்றைப் பென் டிரைவ் ஒன்றிற் பிரதி செய்து அவள் கையிற் கொடுத்த பின்னரே காரணத்தைத் தேடினோம்.

அட்டைக்கும் முறைமைக்குமிடையே மொழிபெயர்ப்பாளர்போல் நிற்கும் மென்பொருளை இயக்கி என்பர். ஏஎம்டியின் அண்மைக்கால அட்டைகளுக்குரிய இயக்கி 2015 முதல் லினக்ஸின் கருவிலேயே அமைந்துள்ளது. என்விடியா நிறுவனத்தார் தரும் இயக்கியோ புறத்திலிருந்து சேர்க்கப்படுவது. அதனோடு, ‘நூவோ’ என்னும் கட்டற்ற இயக்கியைத் தடுக்கும் கோப்பும் வந்து குடியேறும். இன்ன இயக்கியையே கையாள்க எனப் பணிக்கும் ‘எக்ஸோர்க்.கொன்ஃப்’ என்ற அமைவுக் கோப்பும் சில கணினிகளில் எழுதப்பட்டிருக்கும். எமது கணினியில் முன்னொருகால் யாரோ எழுதிவைத்த அத்தகைய கோப்பு இருந்தது. அட்டை வெளியேறிய பின்னும் அக்கோப்பு என்விடியாவையே தேடிற்று; காணாமையால் திரை விரியவில்லை.

டெபியன் வழிவந்த லினக்ஸ்களிலே பொதிகளை அகற்ற இரு கட்டளைகள் உண்டு. ‘ரிமூவ்’ என்பது மென்பொருளை நீக்கி, அமைவுக் கோப்புகளை விட்டுவைக்கும். ‘பர்ஜ்’ என்பது பொதியோடு வந்த அமைவுக் கோப்புகளையும் களையும். ஆயினும் பின்னர் எழுதப்பட்ட ‘எக்ஸோர்க்.கொன்ஃப்’பைப் ‘பர்ஜ்’ அறியாது. அதை நாமே தேடிச்சென்று, பெயர் மாற்றி ஒதுக்குதல் வேண்டும். நிறுவனத்தாரின் நிறுவற் கோப்பைக் கொண்டு நேரே சேர்த்த இயக்கியையும் அது அறியாது. அதற்கு அவர்களே தந்துள்ள அகற்றுங் கருவி உண்டு. இறுதியில், கணினி விழிக்கும்போது முதலில் வாசிக்கும் ‘இனிட்ராம்எஃப்எஸ்’ கோப்பைப் புதுப்பித்தல் அவசியம். இன்றேல் பழைய தடை அதனுள் எஞ்சி நிற்கக்கூடும். வேண்டியவற்றை முறையே செய்து கணினியை மீளத் தொடக்கினோம். திரை ஒளிர்ந்தது.

இனி, அகற்றத் தகாதவையும் உள. விண்டோஸிற் பழகியோர் சிலர், அட்டை மாறினாற் பழைய இயக்கியைத் துடைத்தே ஆகவேண்டுமென்பர். லினக்ஸில் கருவினுள் உறையும் இயக்கிகள் தமக்குரிய அட்டை இல்லாதபோது வாளா கிடக்கும். எவர்க்கும் இடையூறு செய்யா. அட்டைகள் பலவற்றுக்கும் பொதுவான ‘மெசா’வை அகற்றப் புகுந்தாலோ, திரைச்சூழலின் பெரும்பகுதியும் உடன் செல்ல நேரிடும். ஆகவே, “ஆம்” என்று விடை கொடுக்குமுன் கணினி காட்டும் பட்டியலை முழுவதும் வாசித்தல் வேண்டும்.

மாணவர்க்கு இப்போது நாம் சொல்லும் ஒழுங்கு இது: முதலிற் கோப்புகளுக்குப் பிரதி எடுங்கள், பழைய அட்டை இருக்கும்போதே அதன் புற இயக்கியை அகற்றுங்கள், பின்பு கணினியை அணைத்து அட்டையை மாற்றுங்கள்.

எமது களஞ்சிய அறையிலே “பழுது” என்று சீட்டொட்டிய கணினிகள் சில அடுக்கிக் கிடக்கின்றன. அவற்றுள் எத்தனை உண்மையிற் பழுதானவை, எத்தனை ஒரு பழைய கோப்பின் பொருட்டுக் கண்மூடிக் கிடப்பவை என்பதை அடுத்த விடுமுறையிலே மாணவருடன் அமர்ந்து பார்க்க எண்ணியுள்ளோம். ஒன்று விழித்தாலும், கணினி இல்லாத பிள்ளை ஒன்றுக்கு அது பயன்படும்.