மடக்கி உழும் நாள்

ஆடிப்பெருக்குக் கழிந்த நான்காம் நாள் காலையில் நீடாமங்கலம் ரயில் நிலையத்தில் இறங்கி, வெண்ணாறு தன்னிடமிருந்து கோரையாற்றையும் பாமணியாற்றையும் பிரித்து அனுப்புகிற மூணாறு தலைப்பை ஒரு தடவை பார்த்துவிட்டு, வாய்க்கால் கரையோடு ஒரு மணி நேரம் நடந்தபோது, என் மனத்தில் இருந்ததெல்லாம் ஒரு சாதாரணமான சந்தேகந்தான்: அறுத்துக் களத்துக்குக் கொண்டுபோவதற்கென்றில்லாமல், மண்ணில் புதைப்பதற்கென்றே ஒரு பயிரை 45 நாள் வளர்க்கிறவருக்கு, அதைப் புதைக்கும் நாளில் மனம் எப்படி இருக்கும்?

என்னை வரச்சொல்லியிருந்த பெரியவரின் வயலில் தக்கைப்பூண்டு தோள் உயரம் நின்றது. ஆனி இரண்டாம் வாரத்தில், ஏக்கருக்கு 20 கிலோ விதை விசிறி, வாய்க்காலில் வந்த முதல் தண்ணீரில் முளைத்த பயிர் அது. மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் தேதி திறப்பது வழக்கம். தேதி தவறாத ஆண்டுகளை யாரும் பேசுவதில்லை, தவறிய ஆண்டுகளை மட்டும் இந்தப் பக்கத்தில் பிள்ளைகள் பிறந்த கணக்குப்போல் சொல்லுவார்கள். சிறு சிறு இலைகள் வரிசையாகக் கோத்த அந்தப் பசுமைக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாக மஞ்சள் பூக்கள் கண் திறந்திருந்தன. ஒரு பயிருக்குச் சௌந்தரியம் என்று ஒன்று உண்டானால் அது கூடுகிற தருணம் இதுதான் என்று எனக்குத் தோன்றிற்று.

"இதுதாங்க நாள்" என்றார் பெரியவர். "நாளைக்குன்னு சொன்னாக்கூட ஒரு நாள் பிந்தினதுதான்."

சொல்லிவிட்டு ஒரு தண்டை நடுவில் பிடித்து வளைத்தார். அது 'டப்' என்று ஒடிந்தது. ஒடிந்த இடத்தில் நீர் கசிந்தது. அதேபோல் வரப்போரத்தில் முந்தி முளைத்துவிட்ட ஒன்றை வளைத்தபோது ஒடியாமல் வளைந்து, கடைசியில் நாரோடு கிழிந்தது. ஒடிகிறவரையில் அது உரம், கிழிய ஆரம்பித்தால் அது விறகு என்பது அவருடைய சித்தாந்தம். இதன் நியாயத்தை நான் என் வீட்டிலேயே அனுபவித்திருக்கிறேன். ஒரு வருஷம் என் தகப்பனார் சகோதரியின் கல்யாணக் காரியங்களில் ஓடிக்கொண்டிருந்ததில் எங்கள் தக்கைப்பூண்டு இரண்டு வாரம் அதிகமாக நின்று முற்றிவிட்டது. அதை மடக்கி உழுது நட்ட நெல்லோ, நட்ட மூன்று வாரமும் மஞ்சள் பூத்து நின்றது. நார் ஏறிய தண்டை மக்கச் செய்கிற நுண்ணுயிர்கள், தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தைத் தண்டில் காணாமல் மண்ணிலிருந்தே எடுத்துக்கொண்டுவிடுகின்றன என்பதும், பயிருக்கு உணவாக வேண்டியது சில காலம் அவற்றின் உடம்பில் அடகாகிவிடுகிறது என்பதும் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்ட விஷயங்கள். அன்று தெரிந்ததெல்லாம், யூரியா மூட்டைக்கு வாங்கிய கடன்தான்.

பெரியவர் ஒரு செடியை வேரோடு பிடுங்கி, வாய்க்கால் தண்ணீரில் அலசி என் கையில் கொடுத்தார். வேர் நெடுக மிளகும் கடுகும் ஒட்டினாற்போல் முடிச்சுகள். ஒன்றை நகத்தால் கீறச் சொன்னார். உள்ளே வெளிறிய சிவப்பு. குழந்தையின் ஈறு போன்ற நிறம். நம் இரத்தத்துக்குச் சிவப்பைத் தருகிற பொருளுக்கு உறவான ஒன்று அங்கே இருந்து, காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தருகிற ஜீவாணுக்களைப் பிராணவாயுவின் மிகுதி தாக்காதபடி காக்கிறது. முடிச்சு உள்ளே சிவந்திருந்தால் வேலை நடக்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் ஒன்றும் நடக்கவில்லை. ஹாலந்து தேசத்து பெய்ஜெரிங்க் இந்த ஜீவாணுவைத் தனியே பிரித்தெடுத்தது 1888-இல். அதற்கு முன்னரும் பயறு விளைந்த மண்ணில் நெல் செழிப்பதைக் கண்ணால் கண்டவர்கள் இருந்திருக்கிறார்கள். காரணம் தெரியாதது அவர்களுடைய காரியத்தைத் தடுக்கவில்லை.

சற்று மேடான இன்னொரு கட்டில், தண்ணீர் தேங்காத இடமாகப் பார்த்துப் பலதானியம் விதைத்திருந்தார். தஞ்சை மாவட்டத்து இளங்காட்டில் 1938-இல் பிறந்த நம்மாழ்வார் ஊர் ஊராகச் சொல்லிப் பரப்பிய முறை இது. தானியம், பயறு, எண்ணெய் வித்து, மணப்பயிர், பசுந்தாள் என்று ஒவ்வோர் இனத்திலும் சிலவற்றைக் கலந்து விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுவது. கம்பும் சோளமும், தட்டையும் உளுந்தும், எள்ளும் ஆமணக்கும், கொத்தமல்லியும் கடுகும், சணப்பும் நரிப்பயறும் ஒரே பாத்தியில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. சோளத்தின் சல்லிவேர் மேல்மண்ணைப் பின்னிப் பிடித்திருக்க, ஆமணக்கின் ஆணிவேர் அதைத் தாண்டி இறங்குகிறது. ஒரே மாதிரி வேர், ஒரே மாதிரி சருகு என்று வருஷக்கணக்கில் நெல்லையே தின்று பழகிய மண்ணுக்கு, அதில் வாழும் புழுவுக்கும் பூஞ்சைக்குங்கூட, இது ஒரு விருந்து என்றே சொல்ல வேண்டும்.

இந்தக் கட்டை விதைத்தவர் பெரியவர் அல்லர். எழுபதைத் தாண்டிய ஒரு கூலிக்கார மூதாட்டி. வயதில் மூத்தவராகையால் பெரியவர் அவரை 'அக்கா' என்று அழைத்தார். அவரோ இவரை 'ஐயா' என்பதை விடவில்லை. பத்து வகை விதையையும் கூடையில் ஒன்றாகக் கொட்டி விசிறினால் என்னவென்று நான் கேட்டதற்கு அம்மூதாட்டி என்னைச் சற்றே இரக்கத்தோடு பார்த்தார்.

"கூடையக் குலுக்கி நடக்கையில எள்ளும் கடுகும் அடியில போய்ப் படுத்துக்கும் தம்பி. மேல ஆமணக்கு நிக்கும். வயலோட இந்தத் தலப்புல ஆமணக்கா மொளைக்கும், அந்தத் தலப்புல கடுகா மொளைக்கும்."

ஆகவே மூன்று நடை. பெரிய விதைகளுக்கு ஒன்று, நடுத்தரத்துக்கு ஒன்று. பொடி விதைகளை மணலோடு பிசறிக் குறுக்குவாட்டில் மூன்றாவது. கட்டைவிரலை மதகுப் பலகைபோல் வைத்துக்கொண்டு விரலிடுக்கில் விதையை அளந்து விடும் வித்தையை வெறுங்கையால் காட்டினார். அரை நாள் வேலை. அரை நாள் கூலி. கையில் இருக்கும் கணக்குக்குத் தனியாக எதுவும் இல்லை.

பத்து மணிக்கு டிராக்டர் வந்தது. முன்காலத்தில் பரம்படித்துப் பயிரைச் சாய்த்து, மாட்டைக் கட்டி நாலைந்து சால் உழுவார்கள். இப்பொழுது தண்ணீர் கட்டிய வயலில் கேஜ் வீலும் ரோட்டவேட்டரும். ஆயினும் இயந்திரத்துக்கும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பயிர் சாய்ந்த திசையிலேயே வண்டியை விட வேண்டும். எதிர்த்துப் போனால் நீண்ட தண்டுகள் தண்டவாளத்தில் கொடி சுற்றினாற்போல் கத்திகளைச் சுற்றிக்கொள்ளும். ஒரு திருப்பத்தில் அப்படியே ஆயிற்று. டிரைவர் இளைஞர் இறங்கி, அரிவாளால் கால் மணி நேரம் அறுத்தெடுத்தார். மஞ்சள் பூக்கள் சேற்றில் அமிழ்ந்துகொண்டிருந்தன. கொக்குகள் பின்னாலேயே வந்தன. பெரியவர் முகத்தில் நான் தேடி வந்த விசாரம் எதுவும் காணோம். வண்டி வாடகையைத்தான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வயல் மொட்டையாகக் கிடந்தது. குத்தகைக்கு எடுத்தவருடையது. அவரை வரப்பில் பார்த்தபோது, மண்ணைப் பற்றித் தமக்கும் தெரியும் என்பதாகச் சிரித்தார். "அடுத்த வருஷம் இந்த வயல் எங்கிட்ட இருக்குமான்னு தெரியாது சார். யாருக்குப் புதைக்கிறது?" மண்வளத்தைக் குறித்து மேடைகளில் பேசுகிறவர்கள் விவசாயியின் அறியாமையை நொந்துகொள்வது வழக்கமாயிருக்கிறது; ஆனால் இந்த மனிதர் எதையும் அறியாதவராக எனக்குத் தோன்றவில்லை. பல வருஷம் கழித்துப் பலிக்கிற முதலீட்டை ஒரு வருஷ வாய்மொழிக் குத்தகையில் எவரும் போடமாட்டார். இதற்கு இலவச விதை கொடுத்துப் பயன் கொஞ்சம்.

பொழுது சாய்வதற்குள், பத்து நாளுக்கு முன்பே பம்புசெட் தண்ணீரில் முந்தி வளர்த்து மடக்கிவிட்டிருந்த கடைசி வயலைப் பார்க்கப் போனோம். தண்ணீர் கறுத்து, நாற்றம் குப்பென்று எழுந்தது. அடியிலிருந்து குமிழிகள் ஒவ்வொன்றாக வந்து வெடித்தன. நாற்று தயாராகிவிட்டது, நாளையே நடலாம் என்பது பெரியவரின் எண்ணம். மூதாட்டி சேலையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு உள்ளே இறங்கினார். சிறுவயதில் பூவரசும் புங்கமும் வேம்பும் எருக்குமாகக் கட்டுக்கட்டாகத் தழை சுமந்து வந்து, வரிசையாக நின்று சேற்றில் மிதித்த கால்கள் அவை. நாலடி நடந்தார், நின்றார், குதிகாலை அழுத்தி மெல்லத் திருப்பினார். இன்னும் நாலடி.

"குத்துதுய்யா" என்றார்.

பெரியவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்; பிறகு சொல்லவில்லை.

"இன்னும் நாலு நாள் போவட்டும்" என்று சொல்லிக்கொண்டே, சேறு படிந்த காலை மடை நீரில் கழுவுவதற்காக மூதாட்டி கரையேறினார்.