சுவரும் விமானமும்

கற்பாறையின்மேல் வீடு கட்டிய புத்திமானுடைய உவமையை நம் கல்லூரி ஆலயத்திலே பன்முறை கேட்டிருக்கின்றோம். மழை சொரிந்து, வெள்ளம் பெருகி, காற்று மோதிய பின்னரன்றோ அவ்வீட்டின் உறுதி வெளிப்பட்டது! ஆயின், அணுவுலையைச் சூழக் காப்புக்கூடம் எழுப்புவோன் புயல் வருமட்டும் காத்திருத்தல் இயலாது. பெரிய விமானமொன்று அதன்மேல் வீழ்ந்தால் யாது நிகழுமென்பதை, வீழுமுன்னரே அவன் அறிந்தாக வேண்டும். அதன்பொருட்டே அம்மோதலைக் கணிப்பொறியில் நடத்திப் பார்க்கின்றனர்.

இப்பொருள்பற்றி நாம் கொண்டிருந்த தவறான எண்ணமொன்றை ஈண்டு ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளோம்.

1988ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 19ஆம் நாள், அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாகாணத்திலுள்ள ஸாண்டியா ஆய்வுக்கூடத்தார், ஏறத்தாழ 19 டன் நிறையுள்ள ஃபான்டம் போர்விமானமொன்றை ராக்கெட்டுகளால் உந்தி, வினாடிக்கு 215 மீட்டர் வேகத்தில் கான்கிரீட் பாளமொன்றின்மேல் மோதச்செய்தனர். அதன் சலனப்படத்தைக் கண்டோம். கண்ணிமைப்பொழுதில் விமானம் தூளாயிற்று. பாளமோ உடையாது நின்றது. “சுவர் வென்றது” என்று நண்பர் பலரிடமும் கூறி மகிழ்ந்தோம்.

பின்னர் அச்சோதனையின் விவரங்களைப் படித்து நாணினோம். அப்பாளத்தின் கனம் 3.66 மீட்டர், உலைக்கூடங்கள் பலவற்றின் சுவரோ ஏறக்குறைய 1 மீட்டர் கனமே உடையது. விமானத்தில் எரிபொருளுக்கு மாறாக நீரே நிரப்பப்பட்டிருந்தது. ஆதலின் தீயைப்பற்றி அச்சோதனை யாதும் கூறவில்லை. அன்றியும், சுவரின் வலிமையை அறிவது அதன் நோக்கமே அன்று. விமானம் கொடுக்கும் அடியின் அளவை அறிவதே நோக்கம். தான் சிதையாது அவ்வடியை முழுவதும் ஏற்கும்பொருட்டே பாளம் அத்துணைக் கனமாய் அமைக்கப்பெற்றது.

அவ்வடியைக் கணக்கிடும் வழியை ரியெரா என்னும் அறிஞர் 1968ஆம் ஆண்டிலேயே வகுத்திருந்தார். நசுங்கும் உடல் காட்டும் எதிர்ப்பு ஒரு கூறு; விரைந்து வந்த நிறை சுவரில் தடைப்படுவதால் விளைவது மற்றொரு கூறு. வேகம் இருமடங்கானால் இப்பிற்கூறு நான்மடங்காகும். இதனைப் பத்தில் ஒன்பது பங்கெனக் கொண்டால், கணக்கும் சோதனையும் நன்கு இசைந்தன.

இக்காலக் கணிப்பொறி, விமானத்தையும் சுவரையும் எண்ணிறந்த சிறு பகுதிகளாகப் பிரித்து, வினாடியின் மிக நுண்ணிய கூறுதோறும் ஒவ்வொன்றின் நெளிவையும் முறிவையும் கணிக்கின்றது. எனினும், கான்கிரீட் எப்பொழுது பிளக்கும், உள்ளிருக்கும் கம்பி எப்பொழுது அறும் என்பவற்றை மனிதனே அதற்குக் கற்பித்தல் வேண்டும். கற்பித்தது பிழையாயின் விடையும் பிழையாம்; திரையில் தோன்றும் படம் மட்டும் அழகு குன்றாதிருக்கும். ஆதலின், அளந்தறிந்த சோதனைகளோடு ஒப்பிட்ட பின்னரே அவ்விடையை நம்புதல் தகும்.

2001ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாளின் கொடுமைக்குப் பின், புதிய உலைகளை அமைக்க முற்படுவோர் பெரிய பயணவிமானத்தின் மோதலையும் ஆராய்ந்து காட்டவேண்டுமென 2009இல் ஐக்கிய அமெரிக்காவில் விதி செய்தனர். அத்தகைய கணக்கை நம்பி அவ்வுலைகளின் அருகே மக்கள் துயில்வர்.

“சுவர் வென்றது” என்று நாம் இப்பொழுது கூறுவதில்லை. எச்சுவர், எவ்விமானம், எவ்வேகம், எதனோடு ஒப்பிட்டு அறிந்தனர் என்றே வினவுகின்றோம். விஞ்ஞானம் பயிலும் நம் இளைய மாணவரும் அங்ஙனம் வினவப் பழகுவாராக.