ஆற இரண்டு பாத்திரம்

புண் ஆறும், சோறு ஆறும், மனசும் ஆறும். எல்லாவற்றுக்கும் ஒரே சொல். வியட்நாம் போரில் வேலை பார்த்த அமெரிக்க ராணுவ நர்ஸுகளைப் பற்றிப் படித்ததிலிருந்து இதுவே மண்டையில் ஓடுகிறது.

*

அங்கே போன ராணுவப் பெண்கள் சுமார் 11,000 பேர். பத்தில் ஒன்பது பேர் நர்ஸ். பலர் படிப்பு முடித்த கையோடு போனவர்கள்.

*

ஹெலிகாப்டர் இறங்கியதும் அடிபட்டவர்களைப் பிரிப்பார்கள். உடனே ஆபரேஷன் செய்ய வேண்டியவர், கொஞ்சம் பொறுக்கக்கூடியவர், பிழைக்கமாட்டார் என்று ஓரமாகக் கிடத்தப்படுபவர். கடைசி வகைக்கு ‘எக்ஸ்பெக்டன்ட்’ என்று பெயர். பத்தொன்பது, இருபது வயதுப் பையன்கள். கையைப் பிடித்துக்கொண்டு உட்கார நேரம் கிடைத்தால் உண்டு. அதற்குள் அடுத்த ஹெலிகாப்டர்.

*

“நீ துப்பாக்கியா தூக்கினாய்? உனக்கென்ன?” ஊர் திரும்பியவர்களின் காதில் விழுந்த கேள்வி. தங்களையே கேட்டுக்கொண்டதும் அதுதான். கட்டுப் போட்டவளுக்குக் காயம் ஏது?

அதிர்ச்சி மனதில் விட்டுப்போகும் காயத்துக்குப் பிடிஎஸ்டி என்ற பெயர் அமெரிக்க மனநலக் கையேட்டில் ஏறியதே 1980இல். பிறகு நடந்த அரசு ஆய்வில், வியட்நாம் போன பெண்களில் ஏறக்குறைய 27 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் அது இருந்திருக்கிறது. ஆண்களில் 31. இடைவெளி அவ்வளவுதான்.

*

ஷாரன் லேன், நர்ஸ், 25 வயது. 1969 ஜூன் 8, சூ லாய் ராணுவ ஆஸ்பத்திரி. வியட்நாமிய நோயாளிகளின் வார்டில் இருந்தபோது ராக்கெட் விழுந்தது. அந்தப் போரில் இறந்தவர்களுக்கான வாஷிங்டன் கறுப்புச் சுவரில் 58,000க்கும் மேற்பட்ட பெயர்கள். பெண்கள் எட்டே பேர், லேனும் ஒருவர்.

*

டயான் கார்ல்சன் எவன்ஸ். வியட்நாமில் ப்ளேகுவில் நர்ஸாக இருந்தவர். பெண்களுக்கும் அந்தச் சுவரருகே ஒரு சிலை வேண்டும் என்று 1984இல் கிளம்பினார். 1987இல் கலை ஆணையம் கைவிரித்தது. சிலை எழுந்தது 1993 நவம்பர் 11. மணல் மூட்டைமேல் ஒரு நர்ஸ், மடியில் அடிபட்ட சிப்பாய். ஒருத்தி வானத்தைப் பார்க்கிறாள். இன்னொருத்தி மண்டியிட்டு, கையில் காலி ஹெல்மெட்டோடு. சுற்றிலும் எட்டு மரங்கள், அந்த எட்டுப் பேருக்காக.

*

சிலையைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. சிலைக்காகப் பாடுபட்ட அதே இயக்கம் ‘சிஸ்டர் சர்ச்’ என்று ஒரு வேலையும் செய்தது. வியட்நாமில் இருந்த பெண்களைத் தேடிப்பிடித்து ஒருவரோடு ஒருவரைச் சேர்த்துவைப்பது. நம்மூரில் நர்ஸைக் கூப்பிடுவதே சிஸ்டர் என்றுதான்.

புருஷனிடம்கூட வாய் திறக்காதவர்கள் இன்னொரு நர்ஸிடம் பேசினார்கள். அவளுக்கு எதையும் விளக்க வேண்டியதில்லை. ‘எக்ஸ்பெக்டன்ட்’ என்றால் போதும்.

*

காலையில் காப்பி ஆற்றும்போது தோன்றியது. டம்ளர் மட்டும் இருந்தால் போதாது, டவராவும் வேண்டும். அப்படியே வைத்தாலும் ஆறும்தான். மேலே ஆடை கட்டிக்கொள்ளும். அடியில் வெகுநேரம் சூடு இருக்கும்.