இடுப்புப் பட்டையின் பூர்வீகம்

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையின் இருமருங்கிலும் முளைக்கும் கடைகளில் ருத்திராட்சமும் கற்கண்டும் மூலிகைத் தைலமும் விற்கப்படுவதில் வியப்பொன்றுமில்லை. ஆனால் 14 கிலோமீட்டர் நடையில் பெரும்பகுதியைக் கடந்து குபேர லிங்கத்தை நெருங்கும் வேளையில், பாதமும் முழங்காலும் இடுப்பும் ஒருங்கே முறையிடத் தொடங்கும் அந்த இடமாகப் பார்த்து, மின்கலத்தால் அதிரும் இடுப்புப் பட்டைகளைத் தார்ப்பாயின் மீது பரப்பி வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்ததைக் கண்டபோது, வியாபாரத்துக்கு ஸ்தலம் தேர்ந்தெடுக்கும் சாமர்த்தியத்தில் நம் சிறுகடைக்காரரை எந்தப் பட்டணத்து நிபுணராலும் வெல்ல முடியாது என்று தோன்றிற்று. ஆயுளின் பெரும்பகுதியை மேஜையின் முன் குனிந்து எழுதியே கழித்துவிட்ட எனக்கு முதுகுவலி பழைய உறவு. கடைக்காரர் என் நடையைப் பார்த்தே அதைத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

"கட்டிப் பாருங்க சாமி, காசு அப்புறம்" என்றார்.

வேட்டியின் மேலேயே கட்டிப் பார்த்தேன். பட்டையின் முனைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்தியதும் அவை பற்றிக்கொண்டன. பொத்தானை அமுக்கியதும் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. முதுகெலும்பின் இருபுறமும் இரண்டு புடைப்புகள் குடையத் தொடங்கின. சற்று நேரத்தில் உள்ளே ஓடும் கம்பிச் சுருள் சூடேறி, சதை இளகுவது போன்ற ஓர் இதம் பரவிற்று. விலை கேட்க வாயைத் திறந்தால் குரலும் பட்டையோடு சேர்ந்து நடுங்குகிறது. இது எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். "டெல்லியில எடுக்கறதுங்க, அதுக்கு முன்னாடி எங்கேன்னு பெட்டியிலேயே போட்டிருப்பான்" என்றார். பெட்டியில் சீனத் தயாரிப்பு என்றிருந்தது. என் கேள்விக்கு அது விடையன்று. நோகும் இடத்தைக் கட்டி, சூடாக்கி, அதிரவும் செய்தால் நோவு தணியும் என்று முதன்முதலில் யாருக்கு, எந்தத் தேசத்தில் தோன்றியது என்பதே நான் அறிய விரும்பியது.

முதல் தடயம் அக்கடையிலிருந்து சிறிது தூரத்திலேயே கிடைத்தது. குபேர லிங்கத்தை அடுத்துள்ள இடுக்குப் பிள்ளையார் சந்நிதியை அறியாத கிரிவல யாத்திரிகர் இரார். சிறிய கல்மண்டபம், உட்புறம் மிகக் குறுகலாதலால் ஒருக்களித்துப் படுத்து, முழங்கையால் தரையை உந்தி, மூச்சை வெளிவிட்டு நெளிந்தாலன்றி மறுபுறம் வர முடியாது. இடைக்காட்டுச் சித்தர் இங்கே யந்திரம் ஸ்தாபித்தார் என்பது ஐதிகம். இடுப்பு வலியும் கைகால் பிடிப்பும் இதில் நுழைந்து வந்தால் நீங்கும் என்பது ஜனங்களின் நம்பிக்கை. நான் நின்று பார்த்தவரையில், பருமனான ஆசாமிகள் தயங்கித் தயங்கி உள்ளே போக, எழுபது வயதிருக்கக்கூடிய ஒரு பாட்டி புடைவையை இழுத்துச் செருகிக்கொண்டு நொடியில் புகுந்து வெளிவந்து, இரு கைகளையும் இடுப்பில் ஊன்றிப் பின்புறமாக வளைந்து நிமிர்ந்தாள். அவளைத் தொடர்ந்து வந்தவர்களும் அதையே செய்தனர். பிள்ளையாரின் அருளைப் பற்றி வாதிட நான் யார்? ஆனால் இறுக்கமும், முறுக்கமும், அதன்பின் ஒரு விரிவும் என்ற இந்தக் கிரமம், ஒரு தேர்ந்த பிடிப்புக்காரர் முதுகின்மீது செய்யும் காரியத்திலிருந்து அதிகம் வேறுபட்டதன்று.

இதைச் சித்த வைத்தியரான ஒரு நண்பரிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, சித்த மருத்துவத்தில் புறமருந்துகள் 32 என்றும், அவற்றுள் கட்டு, ஒற்றடம், தொக்கணம் ஆகிய மூன்றையும் சேர்த்துத் தைத்ததே உம்முடைய பட்டை என்றும் சொன்னார். தொக்கணமாவது உடலைக் கையால் பிடித்துவிடும் சிகிச்சை. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என அது ஒன்பது வகைப்படும். பட்டையோ இவற்றில் இறுக்கலையும் அழுத்தலையும் அசைத்தலையும் மட்டுமே அறியும். புரட்டிப் போட்டு இழுத்துவிடும் வித்தை அதற்கு வராது. இம்மலையடியில் வாழ்ந்த ரமண மகரிஷிக்கு முழங்கால்களில் வாதநோவு இருந்ததும், தொண்டர்கள் தைலம் தேய்த்துவிட்டதும் ஆசிரமத்து நினைவுக் குறிப்புகளைப் படித்தவர்களுக்குத் தெரியும். ஞானிக்கும் கால் பிடிக்க ஒரு கை வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் என் ஆராய்ச்சியை முடித்துக்கொண்டு, எல்லாம் நம் முன்னோர் கண்டதே என்று எழுதிவிட்டால் பலர் மகிழ்வர். மனச்சாட்சி இடங்கொடுக்கவில்லை. சித்தர்களின் கட்டு என்பது இலைகளையோ மரப்பட்டைகளையோ நைத்து வைத்துத் துணியால் கட்டும் மருந்து. மருந்தில்லாத வெறும் கச்சு அன்று. கச்சின் பூர்வீகத்தைத் தேடினால் மருத்துவ நூல்களை விட்டுக் கற்சிற்பங்களிடம் போகவேண்டியிருக்கிறது. சபரிமலை ஐயப்பனையும், நம் ஊரான திருவண்ணாமலைக்கு வடகிழக்கே சோளிங்கர் மலைமேல் வீற்றிருக்கும் யோக நரசிம்மரையும் தியானிப்பவர்கள், மடித்து உயர்த்திய முழங்கால்களைச் சுற்றி ஓடும் ஒரு பட்டையை மனத்தில் கண்டிருப்பார்கள். அதற்கு யோகபட்டம் என்று பெயர். சிற்பத்தில் அது ஓர் ஆபரணம் போலத் தோன்றினாலும், மேல்துண்டு ஒன்றை முதுகின் கீழ்ப்பாகத்தையும் இரு முழங்கால்களையும் சேர்த்துச் சுற்றிக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து பார்த்தால் அதன் உபயோகம் உடனே விளங்கும்: கால்கள் வெளிப்புறமாகச் சாயச் சாயத் துணி விறைத்து இடுப்பை முன்னால் தள்ளுகிறது, முதுகுத் தசைகள் தாமாக உழைக்காமலே உடல் நிமிர்ந்து நிற்கிறது. விஜயநகரக் காலத்துத் தூண்களில் இவ்வாறு அமர்ந்த முனிவர்களைத் தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றில் காணலாம். நெடுநேரம் உட்கார்ந்தே இருக்கும் தொழில் செய்வோருக்கு, அது தவமாயினும் சரி, கணக்கெழுதுதலாயினும் சரி, முதுகில் உண்டாகும் கஷ்டத்தை யாரோ ஒரு மகானுபாவன் ஒரு முழத் துணியால் தீர்க்க முயன்றிருக்கிறான்.

ஆனால் அதிர்வு? அதைக் கல்லில் காண முடியாது. அதற்காக ஐரோப்பாவுக்குப் பிரயாணம் செய்யவேண்டும். நான் செய்த பிரயாணமெல்லாம் புத்தகங்களின் வழியேதான். 18-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பிரான்ஸ் தேசத்தில் ஸேன்-பியேர் என்ற பாதிரியார், தபால் வண்டியில் போகும்போது உடம்புக்கு ஏற்படும் குலுக்கல் நல்லது என்று கருதி, வீட்டுக்குள்ளேயே அவ்வாறு குலுக்கும் நாற்காலி ஒன்றைப் பரிந்துரைத்தார். அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின், பாரிஸ் ஸல்பெத்ரியேர் ஆஸ்பத்திரியின் புகழ்பெற்ற நரம்பு வைத்தியரான ஷார்க்கோ, நடுக்குவாத நோயாளிகள் நீண்ட ரயில் பிரயாணத்துக்குப் பின் உடம்பு இலேசாயிருப்பதாகச் சொல்வதைக் கவனித்து, ரயில்பெட்டியைப் போல அதிரும் நாற்காலி ஒன்றைச் செய்வித்தார். சென்னையிலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாகப் பஸ்ஸில் வந்து இங்கே இறங்கும் எவரும் இந்தச் சித்தாந்தத்தை எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டார் என்பது என் அபிப்பிராயம். 2012-இல் வெளியான ஓர் ஆய்வில் ஷார்க்கோவின் முறையை மீண்டும் பரீட்சித்தார்கள். அதிரும் ஆசனத்தில் அமர்ந்தோரும், அதிர்வின்றி இதமான ஓசைகளை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தோரும் ஏறக்குறைய ஒரே அளவு குணம் கண்டனர்.

பட்டையின் நேரான பாட்டனார் என்று சொல்லத்தக்கவர் ஸ்வீடன் தேசத்து வைத்தியர் குஸ்தாவ் ஸாண்டர். கைப்பிடியால் செய்யும் சிகிச்சைக்கு ஒரு நோயாளிக்கு ஓர் ஆள் வேண்டியிருக்கிறதே, இதையெல்லாம் யந்திரமே செய்தால் என்ன என்ற எண்ணம் அவரை உந்த, 1865-இல் ஸ்டாக்ஹோம் நகரில் ஒரு யந்திர சிகிச்சை நிலையத்தைத் திறந்தார். தட்டும் யந்திரம், தேய்க்கும் யந்திரம், அதிரச் செய்யும் யந்திரம் என்று அங்கே வரிசையாக நின்றன. நீராவி அவற்றை ஓட்டிற்று. கழுத்துப்பட்டையும் மேல்கோட்டும் அணிந்த கனவான்கள் சற்றும் முகம் மாறாமல் அவற்றில் அமர்ந்து குலுங்கிக்கொண்டிருக்கும் புகைப்படங்கள் பார்க்கத் தக்கவை. அந்தச் சம்பிரதாயம் பரவி, 1912-இல் மூழ்கிய டைட்டானிக் கப்பலின் உடற்பயிற்சிக் கூடத்தில் மின்சாரக் குதிரையும் மின்சார ஒட்டகமும் இருக்கும் அளவுக்குப் போயிற்று. இதனிடையே இங்கிலாந்தில் மார்ட்டிமர் கிரான்வில் என்னும் வைத்தியர், கையில் பிடித்து நோகும் இடத்தில் வைக்கக்கூடிய மின்சாரத் தட்டுக்கருவியை உருவாக்கி, 1883-இல் நரம்பதிர்வைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். கூடத்தை அடைத்துக்கொண்டிருந்த யந்திரம் கைக்கு வந்தது அவர் காலத்தில்தான்.

அதை இடுப்பில் கட்டிக்கொள்ளலாம் என்ற யோசனையோ வேறொரு வழியில் வந்தது. அதில் வைத்தியத்தைவிட வியாபாரம் அதிகம். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் புல்வர்மாக்கர் என்பவர் மரக்குச்சிகளில் உலோகக் கம்பிகளைச் சுற்றிச் சங்கிலியாகக் கோத்து, காடியில் நனைத்து உடம்பில் அணிந்தால் மின்சாரம் பாய்ந்து சகல நோவும் தீரும் என்று விற்றார். பிளோபேர் எழுதிய 'மதாம் பொவாரி' நாவலில் வரும் மருந்துக்கடைக்காரர் இச்சங்கிலியை அணிந்து பூரித்துப் போகிறார். பிற்பாடு அமெரிக்காவில் மின்சாரப் பட்டைகள் பத்திரிகை விளம்பரங்களை நிறைத்தன. கிரிவலப் பாதையில் நான் கண்ட கடைக்காரருக்கு இப்படியும் ஒரு குருபரம்பரை உண்டு.

எஞ்சிய பாகங்கள் நம் காலத்தவை. அதிர்வுக்குக் காரணம், அச்சில் ஒரு பக்கமாக எடை ஏற்றிய சிறு மோட்டார். பல கைப்பேசிகள் நடுங்குவதும் அதனால்தான். முனைகள் பற்றிக்கொள்ளும் வெல்க்ரோவோ, ஸ்விட்சர்லாந்துக்காரர் ஒருவர் 1941-இல் தம் நாயின் மயிரில் ஒட்டிய காட்டு விதைகளை நுண்பெருக்காடியில் பார்த்ததன் விளைவு. மலையடிவாரத்தில் நாயுருவி விதைகளை வேட்டியிலிருந்து பொறுக்கி எறிந்து சலித்திராதவர் நம்மில் யார்? நமக்குச் சலிப்பு மட்டுமே ஏற்பட்டது.

இவ்வளவும் தெரிந்தபின்னும், சுகம் ஏன் உண்டாகிறது என்பது 1965 வரை தெளிவாகச் சொல்லப்படவில்லை. அவ்வருஷம் மெல்ஸாக், வால் என்ற இருவர் வெளியிட்ட கொள்கையின்படி, தொடுதலையும் அதிர்வையும் கொண்டுசெல்லும் தடித்த நரம்பிழைகளும், மந்தமான நோவைக் கொண்டுசெல்லும் மெல்லிய இழைகளும் முதுகுத் தண்டில் ஒரே வாயிலில் வந்து சேர்கின்றன. தடித்த இழைகளின் செய்தி மிகுந்தால் அவ்வாயில் மற்றதற்குப் பாதி அடைபடுகிறது. இடித்துக்கொண்ட முழங்காலைக் குழந்தை தானே தேய்த்துக்கொள்வது இதனால்தான். அக்கொள்கையின் நுட்பங்கள் பிற்காலத்தில் திருத்தப்பட்டிருப்பினும் அதன் சாரம் நிலைத்திருக்கிறது. பட்டை நோயைத் தொடுவதில்லை. வாயிலில் கூட்டத்தை உண்டாக்குகிறது.

ஆகவேதான் ஆராய்ச்சியாளர் இதனிடம் அத்தனை தாட்சணியம் காட்டவில்லை. அமெரிக்காவில் 160 கடைகளில் சுமை தூக்கும் 13,873 ஊழியர்களைக் கவனித்து 2000-இல் வெளியிட்ட ஆய்வு, இடுப்புப் பட்டை அணிவதால் முதுகு நோவு குறைந்ததாகக் காணவில்லை. உலக சுகாதார ஸ்தாபனம், 2020-இல் 61.9 கோடிப் பேருக்குக் கீழ்முதுகு வலி இருந்ததென்று கணக்கிட்டு, 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில், நாள்பட்ட வலிக்கு இடுப்புப் பட்டைகளை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்லிற்று. கைப்பிடி வைத்தியத்துக்கும் தேகப்பயிற்சிக்கும் இடம் கொடுத்தது. இருதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் மின்துடிப்பு விடும் பட்டைகளை அணியலாகாது. நீரிழிவால் தோல் மரத்தவர்களுக்குச் சூடு தெரியாமல் கொப்புளம் எழும். கால் வலுவிழந்தாலோ சிறுநீர் அடைபட்டாலோ பட்டையைத் தேடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்.

இத்தனைக்கும் பின் நான் அதை வாங்கினேனா என்று கேட்பவர்களுக்கு, அன்றிரவே வாங்கிவிட்டேன் என்பதைச் சொல்லவேண்டும். காலையில் எழுந்ததும் விறைத்துக் கிடக்கும் இடுப்பில் அதைக் கட்டிக்கொண்டு கால்மணி நேரம் பத்திரிகை படிப்பேன். வாயில் சற்று அடைபட்டிருக்கும் அந்த வேளையைப் பயன்படுத்திக்கொண்டு, பட்டையைக் கழற்றி வைத்துவிட்டுச் செங்கம் சாலையில் நடக்கப் போவேன். பக்கத்து வீட்டுக்காரர் தாமும் ஒன்று வாங்கலாமா என்று விசாரித்தார். கட்டிக் கழற்றியபின் நடப்பதாக இருந்தால் வாங்குங்கள் என்றேன். அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.