புல்லட்: திருவொற்றியூரில் இருந்து ஒரகடம் வரை

காஞ்சிபுரம் மாவட்டம் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது இரண்டு விஷயம். ஒன்று பட்டுப்புடவை, இன்னொன்று கோயில். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. உலகத்தில் ஓடும் புது ராயல் என்ஃபீல்டு வண்டிகளில் பெரும்பாலானவை பிறப்பது இந்த மாவட்டத்தில்தான். ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் இருக்கும் தொழிற்சாலைகளில்.

இத்தாலியில் 'பீட்டா' என்று ஒரு பைக் கம்பெனி உண்டு. நம்மூரில் அவ்வளவாக யாருக்கும் தெரியாது. 1904-ல் ஃபுளோரன்ஸ் நகரில் சைக்கிள் செய்ய ஆரம்பித்த குடும்பம், பிறகு மோட்டார் சைக்கிளுக்கு வந்து, இன்று மலை, சேறு, பாறை என்று ரோடே இல்லாத இடத்தில் ஓட்டும் வண்டிகளில் பெயர் வாங்கியிருக்கிறது. இன்னமும் அதே பியாங்கி குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. அந்த மாதிரி ஒரு கதை நம் பக்கத்தில் உண்டா என்று தேடினால் புல்லட் கதைதான் கிடைக்கும். ஆனால் இது ஒரே குடும்பத்தின் கதை இல்லை. ஒரு வண்டி ஒரு கையில் இருந்து இன்னொரு கைக்கு மாறி மாறி எப்படிப் பிழைத்தது என்கிற கதை.

முதலில் இங்கிலாந்து. ரெடிச் என்ற ஊரில் என்ஃபீல்டு சைக்கிள் கம்பெனி. என்ஃபீல்டு என்ற இடத்தில் இருந்த அரசு துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரி பாகம் செய்து கொடுத்ததால் வந்த பெயர் அது. 'துப்பாக்கி போல செய்யப்பட்டது' என்பதே அவர்கள் விளம்பர வாசகம். 1901-ல் முதல் மோட்டார் சைக்கிள். 1930-களின் தொடக்கத்தில் 'புல்லட்' என்ற பெயர் வந்தது. துப்பாக்கிக்குப் பிறகு தோட்டா, பொருத்தம்தானே :)

இன்று கல்யாண ஊர்வலத்திலும் போலீஸ் ஸ்டேஷன் வாசலிலும் நாம் பார்க்கிற புல்லட்டின் முன்னோர் 1948-ல் வந்த 350 சிசி வண்டி. இது வெளியுலகத்துக்கு அறிமுகமானதே கரடுமுரடான பாதையில்தான் என்பது பலருக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் பெரும்பாலான பைக்குகளில் பின் சக்கரத்துக்கு சஸ்பென்ஷனே கிடையாது. ஃப்ரேமோடு சேர்த்து இறுக்கி விடுவார்கள். பின் பக்கம் இறுக்கமாக இருந்தால்தான் சேற்றில் பிடிப்பு கிடைக்கும் என்று அனுபவசாலிகளே நம்பினார்கள். என்ஃபீல்டுகாரர்கள் பின்னால் ஸ்விங் ஆர்ம் வைத்து, ஆயில் ஷாக் அப்சார்பர் போட்டு, அந்த மாதிரி வண்டியை நேராகப் போட்டியில் இறக்கினார்கள். அதே 1948-ல் இத்தாலியில் சான் ரெமோ என்ற ஊரில் நடந்த சர்வதேச ஆறு நாள் போட்டியில் ஜெயித்த பிரிட்டன் அணியில் இரண்டு புல்லட்டுகள் இருந்தன. இரண்டு பேருக்கும் தங்கப் பதக்கம். பிறகு ஜானி பிரிட்டைன் என்ற வீரர் ஸ்காட்லாந்தின் ஆறு நாள் போட்டியை 1952-லும் 1957-லும் என்ஃபீல்டில் ஜெயித்தார். அதன் பிறகு பின் சஸ்பென்ஷன் வேண்டாம் என்று சொல்ல ஆள் குறைந்துவிட்டது.

இப்போது மெட்ராஸ். கே.ஆர். சுந்தரம் ஐயர் நடத்திய மெட்ராஸ் மோட்டார்ஸ், பிரிட்டிஷ் பைக்குகளை இறக்குமதி செய்து விற்ற கம்பெனி. சுதந்திரத்துக்குப் பிறகு எல்லைக் காவலுக்கு ராணுவத்துக்கு உறுதியான வண்டி வேண்டியிருந்தது. ரோடு இல்லாத இடம், மலை, மணல். 1952-ல் 350 புல்லட்டுக்கு ஆர்டர் வந்தது, 1953-ல் வண்டிகள் வந்து இறங்கின. இப்படிக் கப்பலில் கொண்டு வந்துகொண்டே இருக்க முடியாது, இங்கேயே செய்யுங்கள் என்ற நிலை வந்ததும் 1955-ல் என்ஃபீல்டு இந்தியா பிறந்தது. பெரும்பங்கு மெட்ராஸ் மோட்டார்ஸுக்கு. தொழிற்சாலை வடசென்னையில், திருவொற்றியூரில். முதலில் பாகங்களை வரவழைத்துப் பூட்டினார்கள். பிறகு அச்சுகளும் கருவிகளும் வந்தன. 1960-களின் தொடக்கத்தில் முழு வண்டியும் இங்கேயே தயாரானது.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. ஜப்பான் வண்டிகளின் வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியாமல் பிரிட்டிஷ் பைக் கம்பெனிகள் ஒன்றன் பின் ஒன்றாகச் சரிந்தன. ரெடிச் தொழிற்சாலை 1967-ல் மூடப்பட்டது. 1970-ல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு தயாரிப்பே நின்றுபோனது. தாய் வீடு இடிந்துவிட்டது, திருவொற்றியூர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. 1977-ல் மெட்ராஸில் செய்த புல்லட் கப்பல் ஏறி இங்கிலாந்துக்கே விற்பனைக்குப் போனது!

ஏன் இங்கே மட்டும் பிழைத்தது? திறமை ஒரு காரணம். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும் என்றால், லைசென்ஸ் ராஜ் இன்னொரு காரணம். வெளிநாட்டு வண்டி உள்ளே வர முடியாது. உள்ளூரில் போட்டி கம்மி. ராணுவமும் போலீஸும் நிரந்தர வாடிக்கையாளர்கள். காசு கட்டிவிட்டு மக்கள் காத்திருந்த காலம் அது. அதனால் வண்டியை மாற்ற வேண்டிய அவசியமே வரவில்லை. 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சிசி. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். கிக் அடிக்கும் முன் டீகம்ப்ரஷரைப் பிடித்து, ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வருகிறதா என்று பார்த்து, பிறகு ஒரே மிதி. தப்பாக மிதித்தால் கெண்டைக்காலுக்கு நல்ல மரியாதை கிடைக்கும். நியூட்ரல் போட மட்டும் தனியாக ஒரு குட்டி லீவர். தாத்தா ஓட்டிய வண்டியின் பாகத்தைப் பேரன் வண்டியில் மாட்டலாம் என்கிற அளவுக்கு எதுவும் மாறவில்லை.

அந்த 'டப் டப்' சத்தத்துக்கும் இதுதான் அடிப்படை. சிலிண்டர் ஒன்று, பிஸ்டன் நெடுந்தூரம் ஏறி இறங்க வேண்டும், கனமான ஃப்ளைவீல். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதே இழுவை கிடைத்துவிடும். ஏற்றத்திலும் சேற்றிலும் அடிக்கடி கியர் மாற்ற வேண்டாம். ரசிகர்கள் சங்கீதம் என்று சொல்வது, பொறியியல் கணக்கின் பக்க விளைவு.

கதவு திறந்ததும் கஷ்டம் ஆரம்பித்தது. 1984-ல் ஓசூரில் இருந்து இண்ட்-சுசுகி, 1985-ல் ஹீரோ ஹோண்டாவும் யமஹா ஆர்எக்ஸ் 100-ம். லேசான வண்டி, மைலேஜ், ஒரு உதையில் ஸ்டார்ட். எண்ணெய் ஒழுகும், கனமான, வாரம் ஒரு தடவை மெக்கானிக்கைப் பார்க்க வைக்கும் புல்லட்டை யார் வாங்குவார்கள்? என்ஃபீல்டு இந்தியா சும்மா இருக்கவில்லை. மொபெட், 50 சிசி வண்டிகள், ஃப்யூரி, டீசல் புல்லட் என்று என்னென்னவோ செய்து பார்த்தது. எதுவும் கம்பெனியைத் தூக்கி நிறுத்தவில்லை.

1990-ல் டெல்லியைச் சேர்ந்த ஐஷர் குழுமம் உள்ளே வந்தது. 1994-ல் கம்பெனி முழுதாக அவர்களிடம் போய், பெயர் மறுபடி ராயல் என்ஃபீல்டு ஆனது. ஐஷர் என்பதே ஜெர்மனியில் டிராக்டர் செய்த ஒரு குடும்பத்தின் பெயர். 1959-ல் அவர்களோடு சேர்ந்து டிராக்டர் செய்ய ஆரம்பித்த லால் குடும்பம் அந்தப் பெயரை வைத்துக்கொண்டது. ஆக இரவல் பெயர் கொண்ட ஒரு கம்பெனி, இரவல் பெயர் கொண்ட இன்னொரு கம்பெனியை வாங்கியது.

வாங்கியும் நஷ்டம்தான். 2000-ல் மாதம் 6000 வண்டி செய்யக்கூடிய இடத்தில் 2000 வண்டிதான் போய்க்கொண்டிருந்தது. விற்றுவிடலாம் அல்லது மூடிவிடலாம் என்ற பேச்சு வந்தது. அப்போது பொறுப்பேற்றவர் சித்தார்த்த லால், வயது 26. முதலாளி மகன் என்பதால் கிடைத்த வாய்ப்புதான், சந்தேகமில்லை. ஆனால் அவர் அதை வைத்துச் செய்தது சாதாரணம் இல்லை. குழுமத்தில் இருந்த பதினைந்து தொழில்களில் பெரும்பாலானவற்றை விட்டுவிட்டு லாரியையும் புல்லட்டையும் மட்டும் வைத்துக்கொண்டார்கள். குடும்பத்தின் அடையாளமாக இருந்த டிராக்டரே 2005-ல் சென்னை டாஃபேவுக்குப் போனது. தாத்தா காலத்துத் தொழிலை விற்று ஊரான் வீட்டு வண்டியைக் காப்பாற்றுவது என்றால் எத்தனை பேர் துணிவார்கள்?

அடுத்த சண்டை ரசிகர்களோடு. பழைய இரும்பு எஞ்சின் போகப் போகிறது, கியர் இடது காலுக்கு வரப் போகிறது என்றதும் புல்லட் பக்தர்கள் கொதித்துப் போனார்கள். இது புல்லட்டே இல்லை என்றார்கள். ஆனால் புகை விதிகள் இறுகிக்கொண்டே வந்தன, மாறாமல் இருந்தால் சாவுதான். புதிய எஞ்சினோடு 2009-ல் கிளாசிக் வந்தது. பார்க்க 1950-களின் வண்டி, உள்ளே புது எஞ்சின். மறுபடியும் மாதக்கணக்கில் காத்திருப்புப் பட்டியல். இந்தத் தடவை வேறு வண்டி கிடைக்காததால் இல்லை, இதுதான் வேண்டும் என்பதால்.

திருவொற்றியூர் போதவில்லை. 2013-ல் ஒரகடம் திறந்தது, 2017-ல் வல்லம் வடகால். இடையில் 2016-ல் வந்ததுதான் இந்தக் கதையை ஆரம்பித்த இடத்துக்கே கொண்டு போகிறது: ஹிமாலயன். 411 சிசி, 21 அங்குல முன் சக்கரம், தரையில் இருந்து 220 மி.மீ. உயரம், கல்லிலும் மண்ணிலும் போவதற்கென்றே செய்தது. சாதா புல்லட்டிலேயே பல காலமாக லடாக் ஏறியவர்களுக்கு முதல்முறையாக அதற்கென்று ஒரு வண்டி. முதலில் வந்தவற்றில் குறைகள் இருந்தன, வாங்கியவர்கள் திட்டித் தீர்த்தார்கள், கம்பெனி திருத்தியது. 2021 டிசம்பரில் இரண்டு பேர் ஹிமாலயனில் தென் துருவம் வரை போய்ச் சேர்ந்தார்கள். 2023-ல் தண்ணீரில் குளிரும் 452 சிசி எஞ்சினோடு புதிய ஹிமாலயன் வந்தது. 2024-25 நிதியாண்டில் மொத்த விற்பனை பத்து லட்சம் வண்டிகளைத் தாண்டிவிட்டது. மாதம் 2000 எங்கே, வருடம் பத்து லட்சம் எங்கே!

இவ்வளவும் நடப்பது காஞ்சிபுரம் தறிகளுக்குப் பக்கத்தில். வண்டலூர்-வாலாஜாபாத் சாலையில் ஷிப்ட் நேரத்தில் நின்று பாருங்கள், கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகும். அதில் உட்கார்ந்திருப்பவர்களில் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. உடலையும் கரையையும் தனித்தனி நிறத்தில் சேர்த்து நெய்யும் கோர்வைக்குத் தறியில் இரண்டு ஆள் வேண்டும். இரண்டாவது ஆள் பெரும்பாலும் வீட்டிலேயே இருந்தார், மகனாகவோ மகளாகவோ. அந்த இரண்டாவது ஆள்தான் இன்று பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாதச் சம்பளம், பி.எஃப்., கல்யாணச் சந்தையில் மதிப்பு. அங்கேயும் எல்லாம் சுகம் என்று இல்லை. 2018-ல் ராயல் என்ஃபீல்டு, யமஹா தொழிலாளர்கள் இந்தப் பகுதியில் வேலை நிறுத்தம் செய்தார்கள். யமஹாவில் சங்கம் அமைத்த இருவரை வேலையை விட்டு நீக்கியதுதான் அங்கே பிரச்சினையின் வேர்.

ஒரு விஷயம் யோசிக்க வைக்கிறது. புல்லட் டேங்க்கில் ஓடும் அந்தத் தங்க நிறக் கோட்டை மெஷின் போடாமல் மனிதக் கை பிரஷ் பிடித்துப் போட்டு வந்தது. அப்பாவிடம் கற்ற சகோதரர்கள் செய்த வேலை. கம்பெனி அதைப் பழசு என்று தூக்கிப் போடாமல் விளம்பரமே செய்தது, 'கையால் வரைந்தது' என்று. வாங்குபவர் அதற்காகக் கூடுதல் காசு கொடுக்கத் தயாராக இருந்தார். காஞ்சிபுரத்தில் கைத்தறிப் புடவையும் அப்படிக் கையால்தான் உருவாகிறது. புவிசார் குறியீடும் வாங்கியாகிவிட்டது. ஆனால் நெய்த கையின் மதிப்பு நெய்தவர் வீட்டுக்கு வந்து சேருவதில்லை.

புல்லட் சாகாமல் இருந்ததற்குக் காரணம் அது மாறாமல் இருந்ததும் இல்லை, முழுசாக மாறியதும் இல்லை. எதை விடக்கூடாது, எதை விட்டே ஆக வேண்டும் என்று முடிவெடுக்க ஒருத்தர் இருந்தார், அந்த முடிவுக்குப் பணம் போடவும் ஆள் இருந்தது. பீட்டா குடும்பத்துக்கும் அது வாய்த்தது. தறிக்கு அந்த ஒருத்தர் யார்? கடைக்காரரா, கூட்டுறவுச் சங்கமா, அரசா, புடவை வாங்கும் நாமா? பதில் கிடைக்கும் வரை ஒரகடம் பஸ் ஆள் ஏற்றிக்கொண்டுதான் இருக்கும்.