அட்டை கையில் இருக்கிறது, அடுத்து எந்தக் கடல்?

பங்சாரில் உட்கார்ந்துகொண்டு ஆழ்கடலைப் பற்றிப் பேசுவது கொஞ்சம் வேடிக்கைதான். நமக்கு ஆகப் பக்கத்துக் கடல் கிள்ளான் துறைமுகம். அங்கே தண்ணீர் தே தாரிக் நிறத்தில் இருக்கும். ஆனாலும் கிள்ளான் பள்ளத்தாக்கில் வேலை பார்க்கும் நம் இளைஞர்கள் பலர் நீண்ட வார விடுமுறை வந்தால் கிழக்குக் கரைக்கு வண்டி கட்டிவிடுகிறார்கள். மூன்று நான்கு நாளில் ஸ்கூபா முக்குளிப்புப் பயிற்சியை முடித்து, அட்டையோடு திரும்புகிறார்கள். படத்தை முகநூலில் போடுகிறார்கள். அதன் பிறகு?

போன ஆண்டு நானும் சித்தி மகளும் தியோமானில் அந்த 'ஓப்பன் வாட்டர்' அட்டையை வாங்கினோம். "உனக்குத் தண்ணியில கண்டம்னு ஜோசியர் சொன்னாருடா" என்று அம்மா பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "கீழ ஏதாவது ஆனா யாரு வந்து தூக்குவா?" ஜோசியரை விடுங்கள், அந்தக் கேள்வி நல்ல கேள்வி. பயிற்சியாளர் பக்கத்தில் இல்லாத முதல் முக்குளிப்பில்தான் அதன் எடை எனக்குத் தெரிந்தது. தூக்குவதற்கு இருப்பது கூட வரும் ஜோடி. அதாவது, என் தங்கச்சிக்கு நான், எனக்கு அவள்.

அட்டை சொல்வது இவ்வளவுதான்: 18 மீட்டர் வரை, பயிற்சி பெற்றதைப் போன்ற சூழ்நிலையில், ஜோடியோடு நீங்கள் இறங்கலாம். கார் ஓட்டும் 'பி' அட்டை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கையில் வாங்கிய வாரமே யாரும் கேமரன் மலை வளைவில் மழையில் ஓட்டிப் பார்ப்பதில்லை.

அதனால் உடனே அடுத்த வகுப்புக்குப் பணம் கட்டுவதைவிட, இதே ஆழத்துக்குள் பத்து முறையாவது சும்மா முக்குளித்துவிட்டு வருவது நல்லது என்பது என் கட்சி. மிதப்பைச் சரி செய்யவே அந்தப் பத்தும் வேண்டும். காற்றுக் கணக்கும் அப்போதுதான் உடம்பில் ஊறும். 10 மீட்டர் ஆழத்தில் இழுக்கும் ஒரு மூச்சு, மேலே இழுப்பதைப்போல் இரண்டு மடங்கு காற்றைத் தின்னும். 20 மீட்டரில் மூன்று மடங்கு. 200 பாரோடு இறங்கி, 50 பார் மிச்சத்தோடு மேலே வர வேண்டும். கையைக் காலை உதறிக்கொண்டிருப்பவருக்கு அது அரை மணி நேரம்கூட வராது. அசையாமல் மிதக்கத் தெரிந்தவர் அதே தோம்பில் நிதானமாகப் பவளப்பாறையைச் சுற்றி வருவார்.

இந்தப் பத்துக்கும் ஏற்ற இடம் தியோமான். மெர்சிங்கிலோ தஞ்சோங் கெமோக்கிலோ பெர்ரி ஏறினால் போதும். தெக்கேக் கிராமத்துக்குப் பக்கத்தில் ரெங்கிஸ் என்று ஒரு குட்டித் தீவு இருக்கிறது. ஆழம் குறைவு. ஆமைகள் உண்டு. செட்டை நுனி கறுத்த சின்னச் சுறாக்கள் நம்மைக் கண்டதும் விலகி ஓடும். பழகும் இடம்தானே என்று அனுபவசாலிகள் அதைச் சற்று இளக்காரமாகப் பேசுவார்கள். பேசட்டும்.

அடுத்தது பெர்ஹெந்தியான். தெர்மினல் பெர்செப்பாடு செலாத்தானில் இரவுப் பேருந்து ஏறினால் விடியும்போது குவாலா பெசூட், அங்கிருந்து விசைப்படகு. பெரிய தீவை ஒட்டிய தெரும்பு தீகாவில் வீடு வீடாகக் கருங்கற்கள் கிடக்கும். அவற்றின் இடுக்குகளில் நுழைந்து வெளியே வரலாம். 'சுகர் ரெக்' என்பது சர்க்கரை ஏற்றி வந்து மூழ்கிய சரக்குக் கப்பல். சுமார் 18 மீட்டரில் ஒருக்களித்துப் படுத்திருக்கிறது. நம் அட்டைக்கு அளவெடுத்தாற்போல இருக்கும். ஆனால் அங்கே நீரோட்டம் உண்டு, சில நாள் தண்ணீர் கலங்கியும் இருக்கும். கப்பலை வெளியே சுற்றிப் பார்க்கலாம்; உள்ளே நுழைய அதற்கென்று பயிற்சி வேண்டும். தோக்கோங் லாவுட் என்ற பாறை கடலடியிலிருந்து கோபுரம்போல் எழுந்து நிற்கும். ஆங்கிலத்தில் அதைக் கடல் கோயில் என்கிறார்கள். அதன் மேல்பகுதியே கண்ணுக்கு விருந்து. அடிவாரமோ 18 மீட்டருக்கும் கீழே.

அந்தப் பாறைக்குப் போன நாளில்தான் ஒன்று நடந்தது. படகில் எட்டுப் பேர், வழிகாட்டி ஒருவர். "24 மீட்டர் வரை போவோம், மூங்கில் சுறா அங்கேதான் படுத்திருக்கும்" என்றார். சித்தி மகள் என் முழங்கையை இடித்தாள். "அண்ணே, நமக்கு 18 தானே?" நான் கேட்டேன்: "அபாங், நாங்கள் இருவரும் 18-க்கு மேலேயே இருந்துகொள்ளலாமா?" அவர் சிரித்துக்கொண்டே "தாக் ஆப்பா, என் பின்னால் வந்தால் போதும்" என்றார். எங்களோடு மேலே இருக்க இரண்டாவது ஆள் இல்லை. மற்ற ஆறு பேரும் ஏற்கனவே முகக்கண்ணாடியை மாட்டிவிட்டார்கள். எட்டு மணி நேரம் பேருந்தில் வந்து, காசும் கட்டிவிட்டு, வேண்டாம் என்று சொல்வது சுலபமில்லை. நாங்கள் சொன்னோம். முக்கால் மணி நேரம் படகோட்டியோடு படகிலேயே உட்கார்ந்திருந்தோம். திரும்பி ஏறியவர்களில் ஒருவருடைய காற்றுமானி முள் சிவப்புக்குள் கிடந்தது. அவர் வெகு நேரம் எதுவும் பேசவில்லை. காசு திரும்பி வரவில்லை, அது வேறு கதை.

மறுநாள் வேறொரு கடைக்கு மாறினோம். அங்கிருந்த பெண் முதலில் மூன்று கேள்விகள் கேட்டார். இதுவரை எத்தனை முக்குளிப்பு, கடைசியாக எப்போது, எந்த ஆழம்? பிறகு எங்களைப் புதியவர்களோடு நால்வராகச் சேர்த்து அனுப்பினார். கடையைத் தேர்ந்தெடுக்க எனக்குத் தெரிந்த ஒரே உரைகல் இதுதான். அவர்கள் உங்களிடம் கேள்வி கேட்கிறார்களா என்று பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகு 'அட்வான்ஸ்ட்' வகுப்பு. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம், கடலில் ஐந்து முக்குளிப்புகள்தான். ஆழமும் திசையறிதலும் கட்டாயம், மற்ற மூன்றை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். எல்லை 30 மீட்டராகும். மிதப்பை ஒரு பாடமாக எடுங்கள், நஷ்டமில்லை. கருவிகளில் முதலில் முகத்துக்குப் பொருந்தும் கண்ணாடி, அடுத்து கைக்கடிகாரம்போன்ற முக்குளிப்புக் கணினி. கேமராவுக்கு அவசரமே இல்லை. புதியவர் கையில் கேமரா இருந்தால் ஜோடியை மறந்துவிடுவார்.

சிப்பாடான்? எல்லாரும் கேட்கும் கேள்வி. செம்பூர்ணாவிலிருந்து போகும் அந்தத் தீவின் சுவர் சுமார் 600 மீட்டருக்குச் செங்குத்தாக இறங்குகிறது. கால் ஊன்ற அடித்தளம் கிடையாது. நீரோட்டம் எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாது. ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று அனுமதிச் சீட்டும் உண்டு. அட்வான்ஸ்ட் அட்டை இல்லாதவர்களைப் பல நிறுவனங்கள் ஏற்றுவதில்லை, அதுதான் சரி. ஆர்வம் தாங்காதவர்கள் பக்கத்திலுள்ள மாபுல் தீவில் சில நாள் பழகிவிட்டுப் போகலாம். நாங்கள் இன்னும் போகவில்லை. அந்தச் சுவர் எங்கேயும் ஓடிவிடாது.

காலத்தையும் பார்க்க வேண்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவமழையில் கிழக்குக் கரைத் தீவுகள் பெரும்பாலும் அடைத்துக் கிடக்கும். பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு லங்காவி போகிறவர்கள் அந்த மாதங்களில் புலாவ் பாயாரை எட்டிப் பார்க்கலாம். தண்ணீர் அவ்வளவு தெளிவு இல்லை என்றாலும் கை மறக்காமல் இருக்கும். அரை ஆண்டுக்கு மேல் இறங்கவில்லையா, நீச்சல் குளத்தில் ஒரு மறுபயிற்சி எடுத்துவிடுங்கள்.

திரும்பும் வழியிலும் ஒரு கணக்கு உண்டு. உடம்பில் கரைந்த நைட்ரஜன் மெதுவாகத்தான் வெளியேறும். பல நாள் முக்குளித்தவர் விமானம் ஏற 18 மணி நேரமாவது பொறுக்க வேண்டும். கோத்தா பாருவில் மாலை விமானத்துக்குச் சீட்டு வாங்கிவிட்டு, காலையில் கடலில் இறங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சாலையில் வந்தாலும் காராக் நெடுஞ்சாலை கெந்திங் செம்பா மேட்டைத் தாண்டித்தான் கோலாலம்பூருக்கு வரும். போகிற வழிதானே என்று கெந்திங் உச்சிக்கு ஏறுவது இன்னும் மோசம். அழுத்த நோய் வந்தால் சிகிச்சைக் கூண்டு வேண்டும். அப்படிப்பட்ட கூண்டு உள்ள லூமுட் கடற்படைத் தளத்து மருத்துவமனை இருப்பதோ மேற்குக் கரையில். முக்குளிப்புக் காப்புறுதி எடுத்துக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான்.

எங்கள் வழக்கம், கடைசி நாள் தண்ணீரில் இறங்குவதே இல்லை. காலைப் படகில் குவாலா பெசூட் வந்து, படகுத்துறைக்கு எதிரே நாசி டாகாங் சாப்பிட்டு, அம்மாவுக்கு ஒரு போன் போட்டுவிட்டுக் கிளம்புவோம்.