ரோப் கார் ஓடாத நாள்

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் பழனி வட்டாரத்துப் பெற்றோர் கேட்பது ஒன்றுதான்: "சார், எந்த பிராஞ்ச் எடுத்தா வேலை கிடைக்கும்?" கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது என்று 200-க்குக் கட்-ஆஃப் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் வருவார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொறியியல் சேர்க்கையில் 2021 முதல் 7.5 சதவீத ஒதுக்கீடு இருப்பதால், வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிறவர்களும் வருகிறார்கள். கல்லூரிப் பெயர்களெல்லாம் மனப்பாடம். என்ஜினியர் என்பவர் காலையில் போய் என்ன வேலை பார்ப்பார் என்பதுதான் பலருக்கும் தெரியாது.

இதைச் சொல்லி விளங்கவைப்பதைவிடக் காட்டிவிடுவது சுலபம். பழனி மலைக்கு 1966 முதல் விஞ்ச் என்னும் இழுவை ரயில் ஓடுகிறது. 2004 முதல் ரோப் காரும். ஒரு பக்கம் பெட்டிகள் ஏறினால் மறுபக்கம் இறங்கும். மாதம் ஒரு நாளும் ஆண்டுக்கொரு முறை பல வாரங்களும் பராமரிப்புக்காக ரோப் காரை நிறுத்திவிடுவார்கள். பக்தர்கள் அலுத்துக்கொள்ளும் அந்த நாட்களில்தான் பிள்ளைகளை மலையடிவாரத்துக் கிரிவீதிக்கு அழைத்துப் போக வேண்டும். கம்பி வடத்தை ஆராய்வார்கள். தேய்ந்த உருளையையும் பேரிங்கையும் மாற்றுவார்கள். பிறகு காலிப் பெட்டிகளை ஓட்டிப் பார்ப்பார்கள். அது சரியாக இருந்தாலும் ஆளை ஏற்றமாட்டார்கள். ஆளுக்குப் பதில் எடைக்கற்களை வைத்து இன்னொரு ஓட்டம். காற்று பலமாக வீசினாலும் நிறுத்திவிடுவார்கள். தொங்கும் பெட்டி பக்கவாட்டில் எவ்வளவு ஆடலாம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு; அதற்கு மேல் அவசரம், சிபாரிசு எதுவும் எடுபடாது. எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருப்பதுதான் என்ஜினியர் தொழிலின் பாதி.

பழனியிலிருந்து மலைப்பாதையில் ஏறினால், கொடைக்கானலில் இந்தத் தொழிலின் மறுபக்கம் இருக்கிறது. அங்கே ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை 1980-களில் வந்தது. கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை அளவு பிசகாமல் நிரப்புவது நுட்பமான வேலை, அதைச் செய்தார்கள். உடைந்த குழாய்கள் எங்கே போகும் என்ற கேள்வியில்தான் கோட்டைவிட்டார்கள். பாதரசம் படிந்த கண்ணாடிச் சில்லுகள் ஊருக்குள் பழைய இரும்புக் கடையில் கிடந்தது 2001-இல் அம்பலமானது, தொழிற்சாலை மூடப்பட்டது. பாதரசம் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும் உலோகம். அதனால் பாதிக்கப்பட்டதாகச் சொன்ன முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கு நிறுவனத்தோடு உடன்பாடு ஏற்பட 2016 ஆயிற்று. கழிவு போகும் வழியும் வரைபடத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டாம்.

அதனால் பிராஞ்சைப் பற்றிக் கேட்கிற பிள்ளையிடம் நான் திருப்பிக் கேட்பது இதுதான்: "உங்க ஊர்ல எது நின்னுபோனா எல்லாரும் தவிச்சுப்போவாங்க? அதை யார் பார்த்துக்கிறாங்க?" ஒருத்தி தண்ணீர் ஏற்றும் மோட்டார் என்பாள், ஒருவன் மலைப்பாதை என்பான். அந்த ஆளைத் தேடிப்போய் அரை நாள் கூடவே நின்றுவிட்டு வரச் சொல்வேன். பிராஞ்சை அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்; கவுன்சலிங்குக்கு இன்னும் நாள் இருக்கிறது.